அரேக்குள்ள இன்னொண்ணு சேர்க்கிறது: ஒரு வரி க்வெரிக்குப் பின்னாடி என்ன நடக்குது?

இந்த எபிசோட்ல ரொம்பச் சின்ன ஒரு வேலையைப் பத்திப் பேசப் போறோம். டேட்டாபேஸ்ல ஒரு பட்டியல் இருக்கு. அதோட கடைசியில இன்னும் ஒண்ணைச் சேர்க்கணும். அவ்வளவுதான் வேலை.

பைத்தான்லயோ ஜாவாஸ்கிரிப்ட்லயோ இதுக்கு யாரும் ரெண்டு நிமிஷம்கூட யோசிக்க மாட்டோம். ஆனா ரிலேஷனல் டேட்டாபேஸ்ல இதே வேலையைத் தப்பான வழியில செஞ்சா, நீங்க சேர்த்தது சத்தமே இல்லாம காணாம போயிடும். எரர் வராது. லாக்ல ஒண்ணும் இருக்காது. யூசருக்கு "சேமிக்கப்பட்டது"ன்னு பச்சை கலர்ல மெசேஜும் காட்டியிருப்போம். அதனாலதான் இதுக்கு ஒரு முழு எபிசோட்.

எபிசோட் முழுக்க ஒரே உதாரணத்தை வச்சுக்குவோம். ஒரு கற்பனை மருத்துவமனை. அங்க "நோயாளிகள்"னு ஒரு டேபிள். ஒரு நோயாளிக்கு ஒரு ரோ. அந்த ரோவுக்குள்ள "ஒவ்வாமைகள்"னு ஒரு ஃபீல்டு, அது டெக்ஸ்ட் அரே. நம்ம நோயாளியோட ஐடி 42. அவருக்கு நிலக்கடலை ஒத்துக்காது, அது ஏற்கெனவே பட்டியல்ல இருக்கு. இப்போ பெனிசிலினும் ஒத்துக்காதுன்னு தெரிய வருது. அதைச் சேர்க்கணும். இந்தப் பட்டியல்ல ஒரு பேர் விட்டுப்போனா என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும்.

டேபிளுக்குள்ள அரே எப்படி வந்துச்சு?

இதைக் கொஞ்சம் பின்னாடி போய்ப் பார்ப்போம். ஐபிஎம்ல இருந்த எட்கர் காட் 1970ல ரிலேஷனல் மாடலைப் பத்தின பேப்பரை எழுதினார். அதுல முக்கியமான ஒரு யோசனை: ஒரு கட்டத்துக்குள்ள ஒரு மதிப்புதான் இருக்கணும், பட்டியலுக்குள்ள பட்டியல் வேண்டாம். காலேஜ் டிபிஎம்எஸ் பேப்பர்ல ஃபர்ஸ்ட் நார்மல் ஃபார்ம்னு மனப்பாடம் பண்ணியிருப்பீங்களே, அதோட வேர் இங்கதான்.

அப்புறம் 1986ல, கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தோட பெர்க்லி வளாகத்துல, மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் தலைமையில போஸ்ட்கிரெஸ் திட்டம் ஆரம்பிச்சது. எண், எழுத்து, தேதி மட்டும் போதாது, சிக்கலான டேட்டா டைப்களும் டேட்டாபேஸுக்குள்ள வரணும்ங்கிறது அவங்க நோக்கங்கள்ல ஒண்ணு. அரே அந்தப் பெர்க்லி காலத்துலயே வந்துடுச்சு. எஸ்க்யூஎல் ஸ்டாண்டர்டுக்குள்ள அரே நுழைஞ்சது 1999ல. காட், ஸ்டோன்பிரேக்கர் ரெண்டு பேருமே ட்யூரிங் விருது வாங்கினவங்க. அதனால "அரே வைக்கலாமா, கூடாதா"ங்கிற சண்டையில ரெண்டு பக்கமும் பெரிய ஆளுங்கதான்.

மைஎஸ்க்யூஎல்ல அரேன்னு தனி டைப் கிடையாது. 2015ல வந்த 5.7 வெர்ஷன்ல இருந்து ஜேசான் டைப் இருக்கு, அதுக்குள்ள அரே வச்சுக்கலாம். இன்னைக்கு நாம போஸ்ட்கிரெஸ்லயே இருப்போம்.

சேர்க்கிறதுக்கு எத்தனை வழி?

கோடை வாயால சொல்றேன், மனசுக்குள்ள டைப் பண்ணிக்கோங்க.

முதல் வழி, அரே அப்பெண்ட்ங்கிற ஃபங்ஷன். நடுவுல ஒரு அண்டர்ஸ்கோர். அப்டேட் நோயாளிகள், செட் ஒவ்வாமைகள் ஈக்வல்ஸ் அரே அப்பெண்ட், பிராக்கெட்டுக்குள்ள முதல்ல ஒவ்வாமைகள், கமா போட்டு பெனிசிலின். வேர் ஐடி ஈக்வல்ஸ் 42. கடைசியில போய்ச் சேர்ந்துடும்.

முன்னாடி சேர்க்கணும்னா அரே ப்ரீபெண்ட். இதுல வரிசை மாறும்: முதல்ல புதுசா சேர்க்க வேண்டியது, அப்புறம்தான் அரே. ரெண்டு அரேயை ஒட்டணும்னா அரே கேட்.

இந்த மூணுக்கும் சேர்த்து ஒரு சுருக்கு வழி இருக்கு. ரெண்டு செங்குத்துக் கோடு, அதாவது பைப் பைப். இந்தப் பக்கம் அரே, அந்தப் பக்கம் சேர்க்க வேண்டியது. பார்க்க அழகா இருக்கும், ஆனா ஒரு பொறி இருக்கு. ஒவ்வாமைகள், பைப் பைப், சிங்கிள் கோட்ஸுக்குள்ள பெனிசிலின்னு அப்படியே எழுதினா எரர் வரும், "அரே லிட்டரல் சரியில்லை"ன்னு. கோட்ஸுக்குள்ள இருக்கிறது என்ன டைப்னு நீங்க சொல்லல. அதனால போஸ்ட்கிரெஸ், "இந்தப் பக்கம் அரே இருக்கு, அப்போ அந்தப் பக்கமும் அரேவாத்தான் இருக்கணும்"னு எடுத்துக்கும். அரேன்னா சுருள் அடைப்புக்குறி இருக்கணுமே, அதைத் தேடும், கிடைக்காது, கத்தும். பெனிசிலினுக்குப் பக்கத்துல டெக்ஸ்ட்னு காஸ்ட் பண்ணிட்டீங்கன்னா சரியாயிடும்.

கத்துற எரர் நல்ல எரர். கத்தாம இருக்கிறதுதான் பிரச்சினை. அதே பைப் பைப்புக்கு அந்தப் பக்கம் வெறும் நல்னு கொடுத்துப் பாருங்க. எரரும் வராது, எதுவும் சேராது, அரே அப்படியே இருக்கும். ஆனா அரே அப்பெண்ட்ல அதே நல்லைக் கொடுத்தா, பட்டியல் கடைசியில ஒரு நல் போய் உட்கார்ந்துக்கும். பேருதான் நல், நல்லது எதுவும் செய்யாது.

இன்னொரு வழி, இடத்தைக் குறிப்பிட்டு எழுதுறது. ஒவ்வாமைகள், சதுர அடைப்புக்குள்ள 3, ஈக்வல்ஸ் பெனிசிலின். போஸ்ட்கிரெஸ்ல அரே எண்ணிக்கை சாதாரணமா 1ல இருந்து ஆரம்பிக்கும், 0ல இருந்து இல்ல. பட்டியல்ல 3 பேர்தான் இருக்கு, நீங்க 7ங்கிற இடத்துல எழுதுறீங்கன்னு வைங்க. அதுக்கும் எரர் வராது. நடுவுல இருக்கிற 4, 5, 6 மூணையும் நல்லால நிரப்பிக்கும். டேபிள் உருவாக்கும்போது "இந்த அரேல 5 பேர்தான்"னு அளவு கொடுத்தாலும் போஸ்ட்கிரெஸ் அதைக் கண்டுக்காது. 6வதும் சேரும், 600வதும் சேரும்.

ரெண்டு பேர் ஒரே நேரத்துல சேர்த்தா?

இப்போ விஷயத்துக்கு வர்றோம். நிறைய அப்ளிகேஷன்ல அரேயைச் சேர்க்கிற விதம் இப்படித்தான் இருக்கும்: டேட்டாபேஸ்ல இருந்து பட்டியலைப் படி, கோடுல இருக்கிற லிஸ்ட்ல ஒண்ணைச் சேர், முழு லிஸ்ட்டையும் திருப்பி எழுது. படி, மாத்து, எழுது. உங்க லேப்டாப்ல நீங்க மட்டும் டெஸ்ட் பண்ணும்போது இது பக்காவா ஓடும்.

நம்ம மருத்துவமனைக்கு வருவோம். ரிசப்ஷன்ல ஒருத்தர் 42ஆம் நோயாளியோட பக்கத்தைத் திறக்கிறார். பட்டியல்ல நிலக்கடலை மட்டும் இருக்கு. அதே நேரத்துல வார்டுல இருக்கிற நர்ஸும் அதே பக்கத்தைத் திறக்கிறார். அவருக்கும் நிலக்கடலை மட்டும்தான் தெரியுது. ரிசப்ஷன் பெனிசிலினைச் சேர்த்து சேவ் கொடுக்கிறார். டேட்டாபேஸ்ல இப்போ நிலக்கடலை, பெனிசிலின். சரி. நாலு செகண்ட் கழிச்சு நர்ஸ் லேட்டக்ஸைச் சேர்த்து சேவ் கொடுக்கிறார். அவர் அப்ளிகேஷன் கையில இருக்கிறது பழைய பட்டியல். அதனால அது எழுதுறது: நிலக்கடலை, லேட்டக்ஸ்.

பெனிசிலின் போயிடுச்சு. யாரும் அதை டெலிட் பண்ணல. ரெண்டு பேரும் அவங்க வேலையைச் சரியாத்தான் செஞ்சாங்க. ரெண்டு பேருக்கும் "சேமிக்கப்பட்டது" வந்துச்சு. சாயங்காலம் ரவுண்ட்ஸ் வர்ற டாக்டர் ஸ்கிரீனைப் பார்த்தா, பெனிசிலின் கொடுக்கலாம்னுதான் தோணும்.

இதுக்கு லாஸ்ட் அப்டேட்னு பேர். லாஸ்ட்னா இங்க கடைசி இல்ல, தொலைஞ்ச அப்டேட்.

இதே இடத்துல அரே அப்பெண்ட் போட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்? ரிசப்ஷனோட அப்டேட் அந்த ரோவைப் பூட்டிக்கும். நர்ஸோட அப்டேட் அதே நொடியில வந்தாலும் காத்திருக்கும். முதல் ஆள் கமிட் பண்ணினதும், ரெண்டாவது அப்டேட் அந்த ரோவோட புது வெர்ஷனை எடுத்து, அதுல இருந்து கணக்கைத் திரும்பப் போடும். நிலக்கடலை, பெனிசிலின், லேட்டக்ஸ் மூணும் இருக்கும். போஸ்ட்கிரெஸோட டீஃபால்ட்டான ரீட் கமிட்டட் லெவல்ல நடக்கிறது இதுதான். அதுக்கு மேல இருக்கிற ரிப்பீட்டபிள் ரீட் லெவல்ல ஓட்டினா, காத்திருந்த ரெண்டாவது ஆளுக்கு ஒரு சீரியலைசேஷன் எரர் வரும். அந்த டிரான்ஸாக்ஷனை உங்க கோடு முதல்ல இருந்து திரும்ப ஓட்டணும். எப்படியும், சத்தமில்லாம எதுவும் தொலையாது.

ரெண்டுக்கும் வித்தியாசம் என்னன்னா, முதல் வழியில நீங்க டேட்டாபேஸுக்கு விடையை அனுப்புறீங்க, "பட்டியல் இனிமே இதுதான்"னு. ரெண்டாவது வழியில வேலையை அனுப்புறீங்க, "இருக்கிற பட்டியல்ல இதைச் சேர்"னு. விடை பழசாயிடலாம். வேலை பழசாகாது.

ஓஆர்எம் யூஸ் பண்றவங்க இங்க கொஞ்சம் கவனிக்கணும். ஜாங்கோல அரே ஃபீல்டுக்கு அப்பெண்ட் பண்ணி சேவ் கொடுத்தா, அது முழு லிஸ்ட்டைத்தான் எழுதும். எஸ்க்யூஎல் ஆல்கெமியில சாதாரண அரேவா வச்சிருந்தா, லிஸ்ட்டுக்குள்ள அப்பெண்ட் பண்ணினதை அது கவனிக்கவே கவனிக்காது. மாறுச்சுன்னு தெரிய, மியூட்டபிள் லிஸ்ட்னு தனியா சொல்லணும். சொன்னாலும் முழு லிஸ்ட்தான் எழுதப்படும். அதனால ரெண்டுலயுமே அரே அப்பெண்டைக் க்வெரிக்குள்ள கூப்பிடுற வழியைத் தேடிப் பிடிங்க, இருக்கு. பட்டியலை அப்ளிகேஷனுக்குக் கொண்டு வந்து சரிபார்த்தே ஆகணும்னா, செலக்ட் ஃபார் அப்டேட் போட்டு ரோவைப் பூட்டிட்டுப் படிங்க. இல்லன்னா ஒரு வெர்ஷன் நம்பர் ஃபீல்டு வச்சு, "நான் படிச்ச நம்பர் இன்னும் மாறலன்னா மட்டும் எழுது"ன்னு சொல்லுங்க.

ஒரே பேர் ரெண்டு தடவை வந்தா?

அரே அப்பெண்டுக்கு இன்னொரு குணம் உண்டு. ஏற்கெனவே இருக்கான்னு பார்க்காது. பெனிசிலினை மூணு தடவை சேர்த்தா மூணு பெனிசிலின்.

அதைத் தடுக்க, அப்டேட்டோட வேர் பகுதியிலயே ஒரு கண்டிஷன் போடலாம்: ஒவ்வாமைகளுக்குள்ள பெனிசிலின் இல்லன்னா மட்டும் சேர். அரேக்குள்ள இருக்கான்னு பார்க்க, அட் குறியும் கிரேட்டர் தேன் குறியும் சேர்ந்த ஒரு ஆபரேட்டர் இருக்கு. அதுக்கு முன்னாடி நாட். காத்திருந்து ஓடுற அப்டேட்டுக்கு இந்தக் கண்டிஷனும் புது ரோவை வச்சுத் திரும்பச் சோதிக்கப்படும். அதனால ரெண்டு பேர் ஒரே நேரத்துல பெனிசிலினைச் சேர்த்தாலும் ஒண்ணுதான் இருக்கும்.

இங்கயும் நம்ம நல் எட்டிப் பார்க்கும். புது நோயாளி, ஒவ்வாமைகள் ஃபீல்டுல இன்னும் எதுவும் இல்ல, அதாவது நல். வெறும் அரே அப்பெண்ட் போட்டிருந்தா பிரச்சினை இல்ல, ஒரு பேர் உள்ள புது அரே வந்துடும். ஆனா இந்தக் கண்டிஷனையும் போட்டீங்கன்னா, "நல்லுக்குள்ள பெனிசிலின் இருக்கா?"ங்கிற கேள்விக்கு விடையும் நல். அதுக்கு நாட் போட்டாலும் நல்தான். கண்டிஷன் உண்மையாகல, அப்டேட் நடக்கல. மறுபடியும் எரர் இல்ல. ஜீரோ ரோ அப்டேட்டட்னு அமைதியா வந்துட்டுப் போயிடும்.

இதுக்குத் தீர்வு டேபிள் உருவாக்கும்போதே இருக்கு. அரே ஃபீல்டுக்கு நாட் நல் போட்டு, டீஃபால்ட்டா காலி அரே கொடுத்துடுங்க. அப்படியே ஒரு சின்ன எச்சரிக்கை: காலி அரேக்கு அரே லெங்த் கேட்டா 0 வராது, நல்தான் வரும். 0 வேணும்னா கார்டினாலிட்டிங்கிற ஃபங்ஷனைக் கூப்பிடணும்.

ஒண்ணு சேர்க்க எவ்வளவு செலவு?

போஸ்ட்கிரெஸ்ல அப்டேட்னா இருக்கிற ரோவை அங்கயே திருத்துறது இல்ல. புதுசா ஒரு ரோ வெர்ஷனை எழுதிட்டு, பழசை அப்படியே விட்டுடும். படிச்சிட்டு இருக்கிற மத்தவங்களுக்குப் பழசு தேவைப்படலாம்ல, அதுக்காக. யாருக்கும் தேவையில்லைன்னு ஆனதும் வேக்யூம் வந்து கூட்டிப் பெருக்கும்.

ரோ சுமார் 2 கேபியைத் தாண்டினா, பெரிய மதிப்புகளைக் கம்ப்ரெஸ் பண்ணியோ தனி இடத்துக்குத் தள்ளியோ வைக்கும். இதுக்கு டோஸ்ட்னு பேர், ஆமா, சாப்பிடுற டோஸ்ட்தான். தள்ளி வச்ச மதிப்பு மாறலன்னா அதைத் தொடாது. ஆனா அரேல ஒண்ணு சேர்ந்தாலும் அது மாறின மதிப்புதான். முழு அரேயும் திரும்ப எழுதப்படும்.

ஒரு கணக்கு போடுவோம். 8 பைட் எண்களா ஒரு அரே. ஒவ்வொண்ணா 10,000 எண் சேர்க்கிறோம். கடைசியில அரேயோட அளவு வெறும் 80 கேபி. ஆனா ஒவ்வொரு தடவையும் முழுசா எழுதினோம்ல? 1, 2, 3ன்னு 10,000 வரைக்கும் கூட்டினா சுமார் 5 கோடி எண்கள். 8 பைட்டால பெருக்கினா 400 எம்பி. கம்ப்ரெஷனை விட்டுட்டுப் பார்த்தா, 80 கேபி பட்டியலுக்கு 400 எம்பி எழுதியிருக்கோம். இதையே தனி டேபிள்ல 10,000 ரோவா போட்டிருந்தா, இண்டெக்ஸோட சேர்த்துக்கூட ஒருசில எம்பியில முடிஞ்சிருக்கும்.

அப்போ அரே கெட்டதா?

இல்ல. போஸ்ட்கிரெஸ் ஆவணத்துலயே அரே ஒரு செட் இல்லன்னும், அரேக்குள்ள ஒரு பொருளை அடிக்கடி தேட வேண்டியிருந்தா டிசைன்ல ஏதோ கோளாறா இருக்கலாம்னும், தனி டேபிளை யோசிங்கன்னும் ஒரு குறிப்பு இருக்கு. தேடவே முடியாதுன்னு இல்ல, ஜின் இண்டெக்ஸ் போட்டுத் தேடலாம். ஆனா ஈக்வல்ஸ் எனின்னு எழுதினா அந்த இண்டெக்ஸ் உதவாது, நான் சொன்ன அட், கிரேட்டர் தேன் ஆபரேட்டரோடதான் எழுதணும்.

ஒரு கடை வாரத்துல எந்தெந்த நாள் திறந்திருக்கும், ஒரு கட்டுரைக்கு என்னென்ன டேக், இதுக்கெல்லாம் அரே அருமையா பொருந்தும். பட்டியல் சின்னது, எப்பவாவதுதான் மாறும், படிச்சா முழுசாத்தான் படிப்போம். செவ்வாய்க்கிழமைக்குன்னு தனியா சொல்ல ஒரு கதையும் இல்ல.

ஒவ்வாமைக்குக் கதை இருக்கு. பெனிசிலின்னு சேர்த்தது யாரு? எப்போ? சொன்னது நோயாளியா, டாக்டர் டெஸ்ட் பண்ணிப் பார்த்ததா? உடம்புல அரிப்பு வந்துச்சா, மூச்சு நின்னு போற அளவுக்குப் போச்சா? இதையெல்லாம் ஒரு டெக்ஸ்ட் அரேல எங்க எழுதுவீங்க? அதுக்கும் மேல, ஒருத்தர் பெனிசிலின்னு எழுதுவார், இன்னொருத்தர் பென்சிலின்னு எழுதுவார். மருந்துப் பட்டியல் டேபிளோட ஒப்பிட்டுத் தடுக்கணும்னா ஃபாரின் கீ வேணும். அரேக்குள்ள இருக்கிற ஒவ்வொரு பொருளுக்கும் ஃபாரின் கீ போட போஸ்ட்கிரெஸ்ல வழி கிடையாது.

அதனால இங்க தனி டேபிள்தான் சரி. நோயாளி ஐடி, ஒவ்வாமை ஐடி, யார், எப்போ, எவ்வளவு தீவிரம். முதல் ரெண்டுக்கும் சேர்த்து ஒரு யூனிக் கன்ஸ்ட்ரெய்ன்ட். சேர்க்கிறதுக்கு இன்செர்ட், கூடவே ஆன் கான்ஃப்ளிக்ட் டூ நத்திங். இது 9.5 வெர்ஷன்ல இருந்தே இருக்கு. ரிசப்ஷன் பெனிசிலினைப் போட்டாலும், நர்ஸ் லேட்டக்ஸைப் போட்டாலும் ரெண்டும் வேற வேற ரோ. ஒருத்தர் மேல ஒருத்தர் எழுதுற பேச்சே இல்ல. ஸ்கிரீன்ல காட்ட ஒரே பட்டியலா வேணும்னா, அரே அக் ஃபங்ஷனைக் கூப்பிட்டா படிக்கும்போது அரேவா கட்டிக் கொடுத்துடும்.

ஏற்கெனவே அரேல இருக்கிறதை மாத்தணும்னா அன்நெஸ்ட்னு ஒரு ஃபங்ஷன் இருக்கு. அரேயைப் பிரிச்சு ஒவ்வொண்ணையும் ஒரு ரோவா ஆக்கும். அப்போ இத்தனை நாள் உள்ள ஒளிஞ்சிட்டு இருந்த ரெட்டைப் பேர், நல், ஸ்பெல்லிங் தப்பு எல்லாம் வெளியில வரும். ஒரு நாள் கூடுதலா ஒதுக்கிக்கோங்க. தொலைஞ்சுபோன பேர் மட்டும் அதுலயும் வராது.

கேட்டதை நம்பணும்னு அவசியம் இல்ல, பத்து நிமிஷத்துல நீங்களே பார்க்கலாம். ரெண்டு டெர்மினல் திறங்க, ரெண்டுலயும் ஒரே டேட்டாபேஸ். முதல்ல பிகின் கொடுத்து, அரே அப்பெண்ட்டோட ஒரு அப்டேட், கமிட் பண்ணாம விட்டுடுங்க. ரெண்டாவது டெர்மினல்ல அதே ரோவுக்கு இன்னொரு அப்பெண்ட். அது அப்படியே நிக்கும். முதல்ல கமிட் கொடுத்த உடனே ரெண்டாவது முடியும், ரெண்டு பேரும் பட்டியல்ல இருக்கும். அப்புறம் அரே அப்பெண்டுக்குப் பதிலா முழு அரேயையும் எழுதி அதையே திரும்பச் செய்யுங்க. எது காணாம போகுதுன்னு பாருங்க. பார்த்துட்டு, உங்க ப்ராஜெக்ட்ல அரே ஃபீல்டு எங்கெல்லாம் எழுதப்படுதுன்னு ஒரு தடவை தேடிடுங்க.

அடுத்த எபிசோட்ல ஜேசான் ஃபீல்டைப் பத்திப் பேசலாம், இதே தலைவலி அங்க வேற ரூபத்துல இருக்கு. அதுவரைக்கும், பார்த்துச் சேருங்க.